மாப்பிள்ளை சம்பளத்தில் மழலைகள் பங்கு



பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது நம் பக்கத்தில் விசாரிக்காமல் விடும் விவரம் குறைவு. தொழுகையாளியா, தொழில் என்ன, வீடு சொந்தமா, கரையேற்ற வேண்டிய குமர்கள் எத்தனை பேர், கடன் உண்டா என்றெல்லாம் கேட்டறிந்த பிறகே பேச்சு அடுத்த கட்டத்துக்குப் போகும். ஆயின், மாப்பிள்ளைக்கு அது மறுமணம் என்றால் மட்டும் விசாரணை பாதியில் நின்றுவிடுகிறது. “முந்திய சம்பந்தம் முடிந்துவிட்டது, ஜமாஅத்தில் எழுதி வாங்கியாகிவிட்டது” என்ற ஒரே பதிலில் இரு வீட்டாரும் திருப்தியடைந்து விடுகின்றனர். “பிள்ளைகள்?” என்று எவரேனும் கேட்டால், “அவை தாயோடு இருக்கின்றன” என்பார்கள். தாயோடு இருக்கும் பிள்ளைகள் யாருடைய பணத்தில் சாப்பிடுகின்றன என்ற கேள்வி அந்தச் சபையில் எழுவதில்லை.

நிக்காஹ் முடிந்து மூன்று நான்கு மாதம் சென்ற பின்னர் புதுப்பெண்ணின் வீட்டில் அக்கேள்வி எழுகிறது. மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு தொகை எங்கோ போவதை அவள் காண்கிறாள். சில வீடுகளில் கணவர் சொல்லிவிட்டு அனுப்புகிறார். சில வீடுகளில் ஒளித்து அனுப்புகிறார். இன்னும் சில வீடுகளில் அனுப்பாமலே காலம் கடத்தி, ஒருநாள் நீதிமன்றத்துச் சம்மன் வாசலுக்கு வந்து நிற்கிறது. முதல் வீட்டில் பணம் மட்டும் செலவாகிறது. இரண்டாவது வீட்டில் பணத்தோடு நம்பிக்கையும் போகிறது. மூன்றாவது வீட்டில் மானமும் சேர்ந்து போகிறது.

ஆகவே, முந்திய பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமை உள்ள ஒருவரை மணந்துகொண்டால் புதுக் குடும்பத்தின் வரவு செலவு எவ்வாறு அமையும் என்பதை இம்மாதம் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

கடமை எப்போது முடிகிறது?

தலாக்கோ குலாவோ கணவன் மனைவி உறவைத்தான் முறிக்கிறது. தந்தை என்ற உறவை முறிக்கும் சொல் மார்க்கத்திலும் இல்லை, நாட்டுச் சட்டத்திலும் இல்லை. பிள்ளைக்குத் தனிச்சொத்து இல்லாதவரை அதன் உணவு, உடை, உறைவிடச் செலவு தந்தையின் பொறுப்பு என்பது ஃபிக்ஹு நூல்களின் ஒருமித்த நிலை. தாய் வசதியானவள் என்பதால் அப்பொறுப்பு நீங்கிவிடாது. எவ்வளவு கொடுப்பது என்பதற்கு, அவரவர் வசதிக்கேற்பச் செலவிட வேண்டும் என்ற அளவுகோலை அத்தலாக் அத்தியாயத்தின் 7ஆம் வசனம் தருகிறது.

நம் நாட்டு நீதிமன்றங்களில் இக்கடமை ஒருமுறை கடுமையாகச் சோதிக்கப்பட்டது. பீகாரைச் சேர்ந்த நூர் சபா காத்தூன் என்ற தாய் தொடுத்த வழக்கு அது. கணவர் வேறு திருமணம் செய்துகொண்டு, தம்மையும் மூன்று சிறு குழந்தைகளையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டார் என்பது அவரது முறையீடு. குழந்தை ஒன்றுக்கு மாதம் 150 ரூபாய் கொடுக்குமாறு கீழ்நீதிமன்றம் உத்தரவிட்டது. வழக்கு நடக்கும்போதே கணவர் தலாக் சொல்லிவிட்டார். பின்னர், 1986ஆம் ஆண்டின் முஸ்லிம் பெண்கள் விவாகரத்து உரிமைச் சட்டத்தில் குழந்தைக்கு இரண்டு வயதுவரை என்றுதான் இருக்கிறது, ஆகவே அதற்குமேல் தாம் கொடுக்க வேண்டியதில்லை என்று வாதாடினார். பாட்னா உயர்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றுக்கொண்டது. தாய் உச்சநீதிமன்றம் சென்றார்.

1997 ஜூலையில் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. அந்த இரண்டு வயதுக் கணக்கு, பாலூட்டி வளர்க்கும் தாய்க்கு உரியது. குழந்தையின் உரிமை அதனின்றும் தனியானது என்று நீதிபதிகள் விளக்கினர். ஆண் பிள்ளைகள் பருவ வயதை அடையும் வரையிலோ தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ளும் வரையிலோ, பெண் பிள்ளைகள் திருமணமாகும் வரையிலோ தந்தை பராமரிக்க வேண்டும். இது சட்டத்தின் கட்டளை மட்டுமன்று, முஸ்லிம் தனியார் சட்டத்தின் கட்டளையும் ஆகும் என்று அத்தீர்ப்பு கூறியது. அன்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவாக நடைமுறையில் இருக்கிறது. எண் மாறியதே தவிரக் கடமை மாறவில்லை.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். “ஜமாஅத்தில் மொத்தமாக ஒரு தொகை கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பெண்ணிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே?” என்பார்கள். அந்தக் கையெழுத்து தாயுடையது. பிள்ளையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுத்தாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது என்பதே நீதிமன்றங்கள் பொதுவாக எடுத்துவரும் நிலை. ஆகவே, ஜமாஅத்துக் காகிதத்தைக் காட்டி ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லப்படும் விஷயத்தில் முடியாத பகுதி ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் நிற்கும் கணக்கு

இப்போது வீட்டுக் கணக்குக்கு வருவோம். ஓர் உதாரணமாக, புளியங்குடி எலுமிச்சை மண்டி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாத வருமானம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆறு வயதுப் பையன் ஒருவன் தாயோடு இருக்கிறான். அவனுக்கு மாதம் 5,000 ரூபாய். அப்படியானால், இந்த மாப்பிள்ளை 24,000 ரூபாய்ச் சம்பளக்காரர் அல்லர். புதுக் குடித்தனத்தைப் பொறுத்தமட்டில் அவர் 19,000 ரூபாய்ச் சம்பளக்காரர். வீட்டு வாடகை, அரிசி, பால், பெற்றோருக்குக் கொடுப்பது, பிறக்கப்போகும் பிள்ளை எல்லாவற்றையும் அந்தப் பத்தொன்பதை வைத்தே கணக்கிட வேண்டும். இருபத்து நான்கை மனதில் வைத்துக் குடித்தனம் தொடங்கினால் ஒவ்வொரு மாதமும் 5,000 ரூபாய் ‘குறைகிறது’ என்றே தோன்றும். அந்தத் தோற்றமே பல வீடுகளில் சண்டைக்கு விதை.

அடுத்து, எத்தனை ஆண்டுகள் என்பதைப் பாருங்கள். ஆறு வயதுப் பையனுக்குப் பதினெட்டு வயதாக 12 ஆண்டுகள் உள்ளன. ஆண்டுக்கு 60,000 வீதம், தொகை ஒரு காசும் உயராவிட்டாலும் மொத்தம் 7,20,000 ரூபாய். பெண் பிள்ளையென்றால் திருமணம் வரையில். ஆகவே, பிள்ளைகளின் வயதைக் கேட்பது ஊர் வம்பு ஆகாது. அது குடும்பத்தின் நீண்டகாலத் திட்டத்துக்கு வேண்டிய விவரம்.

தொகையும் ஒரே நிலையில் நிற்காது. ஜூன் மாதம் பள்ளிக் கட்டணம் வரும். காய்ச்சல் வரும், கண்ணாடி வாங்க வேண்டிவரும், பெருநாளைக்குப் புத்தாடை வேண்டும். சூழ்நிலை மாறினால் தொகையைக் கூட்டவோ குறைக்கவோ கோரி மனுச் செய்யச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இரு தரப்புக்கும் வழி தருகிறது. பிள்ளை வளர வளரக் கூட்டும்படி கேட்பதே வழக்கம்.

வருமானம் ஒரே சீராக வராத தொழில்களில் இன்னொரு சிரமமும் உண்டு. எலுமிச்சை வெயில் காலத்தில் விலை ஏறும், மழைக் காலத்தில் இறங்கும். பிள்ளையின் பசிக்கு அப்படிப் பருவம் கிடையாது. விவசாயமும் வியாபாரமும் செய்வோர், விலை நல்லபடி இருக்கும் மாதங்களிலேயே மழைக்காலத்துக்குரிய பராமரிப்புத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுவது நல்லது. புது மனைவி அந்தச் சேமிப்பைத் தானே முன்னின்று பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பாக்கி விழுந்தால்

மாதாமாதம் போகும் தொகை குடும்பத்தைச் சாய்ப்பது அரிது. சாய்ப்பது பாக்கிதான். ராஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, ஜீவனாம்சம் மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும். வழக்கு இரண்டு ஆண்டு இழுத்தால், மாதம் 5,000 வீதம் 1,20,000 ரூபாய் ஒரே நாளில் தலையில் விழும். இரு தரப்பும் தத்தம் வருமானம், சொத்து, கடன் யாவற்றையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே தீர்ப்பு கட்டளையிட்டது. வருமானத்தைக் குறைத்துக் காட்டிப் பொய்ப் பத்திரம் கொடுப்பவர் அதற்கெனத் தனி நடவடிக்கைக்கு ஆளாவார்.

உத்தரவை மதிக்காதவருக்கு மாஜிஸ்திரேட் வாரண்டு பிறப்பிக்கலாம். அதன் பின்னும் செலுத்தாவிட்டால் ஒவ்வொரு மாதத்துப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். “சிறைக்குப் போய்வந்தால் கணக்குத் தீர்ந்தது” என்று சிலர் எண்ணுகின்றனர். சிறை என்பது பணத்தை வசூலிக்கும் வழியே தவிரப் பணத்துக்கு ஈடு ஆகாது என்று 1989ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. சிவில் தீர்ப்பாக இருந்தால் சம்பளத்தையே ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடனுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இதில் கிடைக்காது. ஜீவனாம்சத் தீர்ப்பில் சம்பளத்தின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே ஜப்தியிலிருந்து காக்கப்படும்.

ஆகவே, “நம் பிள்ளை பிறந்த பிறகு அங்கே எதற்கு அனுப்ப வேண்டும்?” என்று கணவரைத் தடுக்கும் பெண், பணத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துக்கொண்டு தன் வீட்டின் மீதே கடன் ஏற்றுகிறாள். உண்மையில் தாங்க முடியாத தொகையாக இருந்தால் நேர்வழி இருக்கிறது. கணவர் சட்டப்படி பராமரிக்க வேண்டிய மற்றவர்களையும் அவரது கடன்களையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ளும் என்பதும் அந்த 2020 தீர்ப்பில் உள்ளது. நிலையை எடுத்துச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம். சொல்லாமல் நிறுத்துவதுதான் ஆபத்து.

உங்கள் பொருள் உங்களுடையது

சகோதரிகள் பலருக்கு உள்ள அச்சம் இது: “என் நகையையும் என் வருமானத்தையும் அந்தப் பிள்ளைகளுக்காக எடுத்துக்கொள்வார்களா?” மாட்டார்கள். மஹரும், தாய்வீட்டு நகையும், பீடி சுற்றியோ தையல் தைத்தோ ஆசிரியை வேலை பார்த்தோ நீங்கள் ஈட்டும் கூலியும் உங்கள் தனிச்சொத்து. கணவரின் முந்திய பிள்ளைகளைப் பராமரிக்கும் கடமை உங்கள் மீது மார்க்கத்தில் சுமத்தப்படவில்லை. சட்டத்தின் 144ஆம் பிரிவும் தந்தையின் வசதியைப் பற்றியே பேசுகிறது. விரும்பிக் கொடுத்தால் அது நன்மையான காரியம், கட்டாயம் கிடையாது.

ஆனால், பொருளைக் கலந்துவிட்டால் நிலைமை சிக்கலாகும். உங்கள் நகையை விற்றுக் கணவர் பெயரில் வாங்கிய வண்டியும் மனையும் பார்வைக்கு அவருடைய சொத்தே. பாக்கிக்காக அவர் சொத்தின் மீது நடவடிக்கை வரும்போது, “அது என் நகைப் பணம்” என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கூட்டு வங்கிக் கணக்கிலும் இதே தொல்லை உண்டு. உங்கள் பணத்தில் வாங்குவதை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். கணவருக்குக் கொடுப்பது கடனா அன்பளிப்பா என்பதை எழுதி வையுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளும்படி திருமறையின் இரண்டாம் அத்தியாயம் அறிவுறுத்துவது கணவன் மனைவிக்கும் பொருந்தும்.

பிரிட்டனில் பிள்ளைப் பராமரிப்புத் தொகையைக் கணக்கிடும் அரசு முறை இவ்விஷயத்தில் தெளிவானது. தந்தையின் புது மனைவி எவ்வளவு சம்பாதித்தாலும் அது கணக்கில் சேராது. அதே சமயம், அவருடைய புது வீட்டில் வாழும் பிள்ளைகளையும் அது மறப்பதில்லை. அவ்வீட்டில் ஒரு பிள்ளை இருந்தால் அவர் வருமானத்தில் 11 சதவீதமும், இரண்டு இருந்தால் 14 சதவீதமும், மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் 16 சதவீதமும் கழித்த பிறகே முந்திய பிள்ளைகளின் தொகை கணக்கிடப்படும். இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்ற நியாயம் அக்கணக்கில் தெரிகிறது. நம் நாட்டில் இப்படி நிலையான சதவீதம் இல்லை. நீதிபதியே வழக்குக்கு வழக்கு நிர்ணயிக்கிறார்.

பெண் பிள்ளைகளோடு வந்தால்

இதுவரை மாப்பிள்ளை பக்கம் பார்த்தோம். விதவையையோ விவாகரத்தான பெண்ணையோ பிள்ளைகளோடு மணமுடிக்கும் சகோதரருக்கும் கணக்கு உண்டு. தாய் மறுமணம் செய்துகொண்டதால் பெற்ற தந்தையின் பொறுப்பு தீர்ந்துவிடாது. அத்தொகை தொடர்ந்து வரவேண்டும். வரும் தொகை பிள்ளைகளுக்கு உரியதேயன்றிப் புதுக் குடும்பத்தின் பொதுப் பணம் ஆகாது. புதுக் கணவருக்கு அப்பிள்ளைகளைப் பராமரிக்கும் சட்டக் கடமை இங்கே இல்லை. நம் அண்டை ஊரான கடையநல்லூரிலிருந்து பலர் குடியேறிய சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்குள்ள மாதர் சாசனம், ஒரு பிள்ளையைத் தம் குடும்பத்தில் ஒருவராக ஏற்றுக்கொண்டவர், பெற்றோர் தவறும் அளவுக்கு அப்பிள்ளையைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. அயல்நாட்டுச் சம்பந்தம் பேசுவோர் அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் கேட்டறிய வேண்டும்.

வாரிசுரிமை

கணவர் மறைந்தால் ஜனாஸாச் செலவும் கடன்களும் முதலில் தீர்க்கப்படும். முந்திய மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான். ஒரு சேலை விலைக்கும் குறைந்த மஹர் என்றால் பரவாயில்லை. பவுன் கணக்கில் எழுதி நிலுவை வைத்திருந்தால் அது பெருந்தொகை. மிச்சத்தில் பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. பெற்றோர் உயிரோடிருந்தால் அவர்கள் பங்கு தனி. எஞ்சியது எல்லாப் பிள்ளைகளுக்கும், எந்தத் திருமணத்தில் பிறந்தவராயினும் வேறுபாடின்றி, ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று என்ற முறையில் போய்ச் சேரும்.

இதைத் தவிர்க்க எண்ணி, இருக்கும் ஒரே வீட்டைப் புதுப் பிள்ளைகள் பெயரில் ஹிபாவாக எழுதிவிடச் சொல்வோர் உண்டு. ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புக் கொடுத்துவிட்டுச் சாட்சிக்கு அழைத்த தோழரிடம், மற்றப் பிள்ளைகளுக்கும் அவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு, இல்லை என்றதும் சாட்சியாக நிற்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்பதை அவர்கள் நினைவில் கொள்ளட்டும். வளர்ப்புப் பிள்ளைக்கு வாரிசுரிமை இல்லை. அவருக்குக் கொடுக்க விரும்பினால் மூன்றில் ஒரு பங்குக்கு உட்பட்டு வசிய்யத் எழுதலாம்.

நிக்காஹுக்கு முன் கேட்க வேண்டியவை

கேட்பதில் கூச்சம் வேண்டாம். பாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது, ஒருவரின் வறுமையையும் மற்றவரின் கடுமையையும் மறைக்காமல் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணந்துகொள்ளும்படி நபிகளார் (ஸல்) கூறினார்கள். உம்மு ஸலமா (ரலி) அவர்களும் தம்மைப் பெண் கேட்டபோது தமக்குப் பிள்ளைகள் இருப்பதை முதலிலேயே எடுத்துச் சொன்னார்கள். ஆகவே கேட்பவரும் சொல்பவரும் அழகிய முன்மாதிரியைப் பின்பற்றுகின்றனர்.

பிள்ளைகள் எத்தனை பேர், வயது என்ன? மாதம் எவ்வளவு போகிறது, யார் கையில், எவ்வழியில்? நீதிமன்ற உத்தரவா, ஜமாஅத்து முடிவா, வாய்ப்பேச்சா? பாக்கி உண்டா? நிலுவை மஹர் உண்டா? வழக்கு ஏதும் நடக்கிறதா? இவற்றை ஒரு தாளில் எழுதி இரு வீட்டாரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளலாம். நிக்காஹ் தஃப்தரில் பெயர் எழுதும்முன் இந்த விவரங்களையும் விசாரிப்பதை ஜமாஅத் நிர்வாகிகள் வழக்கமாக்கினால் பின்னால் பஞ்சாயத்துக் குறையும். பணத்தை வங்கி வழியாக அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். “கொடுத்தேன்”, “கொடுக்கவில்லை” என்ற தகராறுக்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. வழக்கு நடத்த வசதியில்லாத தாய்மார் கவலைப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு.

பெண்ணைப் பெற்றவர்கள் இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முந்திய பிள்ளைகளுக்கு மாதம் தவறாமல் அனுப்பும் மாப்பிள்ளையிடம் கையில் நிற்கும் தொகை சற்றுக் குறைவு. அனுப்பாத மாப்பிள்ளையிடம் அதிகம். இவ்விருவரில் யாரிடம் உங்கள் மகளையும் அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளைகளையும் நம்பி ஒப்படைப்பீர்கள்? நாளை உங்கள் மகளுக்கே ஒரு பிரிவு நேர்ந்தால், அவள் பிள்ளைகளுக்கு அந்த மாப்பிள்ளை என்ன செய்வார் என்பதற்கு அவருடைய இன்றைய வங்கி ரசீதே பதில் சொல்லும்.